முன்னுரிமை கொடுத்தால் வேகம் கூடுமா? வைஃபை வரிசையின் கணக்கு

கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ வைஃபை பெட்டி விற்கும் கடையில் சற்று நேரம் நின்றால் இரண்டு அறிவுரைகள் காதில் விழும். “க்யூஓஎஸ் வசதியைப் போட்டுவிடுங்கள், நெட் பறக்கும்” என்பது ஒன்று. “அதை அணைத்து வையுங்கள், அதுதான் வேகத்தைத் தின்கிறது” என்பது இன்னொன்று. சொல்கிறவர்கள் இருவருமே உறுதியாகச் சொல்வார்கள். இரண்டும் தவறு.

க்யூஓஎஸ் என்பது எந்தத் தரவு முன்னால் போக வேண்டும், எது காத்திருக்கலாம் என்று பிரித்து வைக்கும் ஏற்பாடுகளுக்கான பொதுப்பெயர். அதன் வைஃபை வடிவத்துக்கு டபிள்யூஎம்எம் என்று பெயர். உங்கள் அக்சஸ் பாயிண்டின் அமைப்புப் பக்கத்தில் இந்த இரண்டு பெயர்களில் ஒன்று பெரும்பாலும் இருக்கும். அக்சஸ் பாயிண்ட் என்றால் கம்பி வழியே வரும் இணையத்தை ரேடியோ அலையாகப் பரப்பும் கருவி. வீடுகளில் அதுவும், வெளி இணையத்துக்கும் வீட்டுக் கருவிகளுக்கும் இடையே தரவைக் கடத்தும் ரவுட்டரும் பெரும்பாலும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். கல்யாண மண்டபங்களிலும் பட்டறைகளிலும் கூரையில் தனியாக மாட்டியிருப்பார்கள்.

இந்த விஷயத்தை டெல்டாக்காரர்கள் தெரிந்துகொள்ளக் காரணம் இருக்கிறது. சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ பிள்ளை இருக்கும் வீடுகள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. மாலையானால் வீடியோ அழைப்புதான். சுவாமிமலையில் ஐம்பொன் சிலை வார்க்கும் பட்டறையை எடுத்துக்கொள்ளுங்கள். மெழுகுப் படிமத்தைக் கேமரா முன் திருப்பித் திருப்பிக் காட்டி, வெளிநாட்டு வாடிக்கையாளரின் ஒப்புதல் வாங்க வேண்டியிருக்கிறது. அந்த நேரம் பார்த்து முகம் உறைந்து நிற்கும், குரல் விட்டு விட்டுக் கேட்கும். வேகத்தைச் சோதித்தால் நூறு மெகாபிட் காட்டுகிறது. பிறகு ஏன் இப்படி?

முறை வைத்தால் தண்ணீர் பெருகாது

இதை விளக்க வேறெங்கும் போக வேண்டாம், கல்லணைக்கே போகலாம். மேட்டூர் அணை 1934இல் பயன்பாட்டுக்கு வந்ததிலிருந்து, நீர் இருப்பு போதுமானதாக இருக்கும் ஆண்டுகளில் குறுவைக்காக ஜூன் 12ஆம் தேதி திறப்பது வழக்கம். அந்தத் தண்ணீர் கல்லணையை எட்டியதும் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. ஆறுகளிலிருந்து வாய்க்கால்கள், வாய்க்காலிலிருந்து மடை, மடையிலிருந்து வயல்.

ஆறு கரைபுரண்டு ஓடும் ஆண்டில் யாரும் முறை பற்றிப் பேசுவதில்லை. மிஞ்சுவது கொள்ளிடத்தில் போகும். பற்றாக்குறை ஆண்டில்தான் முறைப்பாசனம் வருகிறது. காவிரிக்குச் சில நாள், வெண்ணாற்றுக்குச் சில நாள் என்று மாற்றி மாற்றித் திறப்பார்கள். கிளை வாய்க்கால்களிலும் அதே கதைதான். முறை வைத்ததால் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடுவதில்லை. யாருக்கு எப்போது என்பது மட்டுமே தீர்மானமாகிறது. ஒருவருக்கு முன்னால் கிடைத்தால் இன்னொருவர் அந்த அளவுக்குப் பின்னால் போகிறார்.

வைஃபை முன்னுரிமையும் அப்படித்தான். காற்றில் இடம் தாராளமாக இருக்கும்போது அது போட்டிருக்கிறதா, இல்லையா என்பதே தெரியாது. நெரிசல் வரும்போது மட்டும் அது வேலை செய்கிறது. செய்யும் வேலையும் பங்கீடுதான், பெருக்கல் அல்ல. அதிகாலையில் யாரும் இல்லாதபோது வேகச் சோதனை செய்து பார்த்து, “ஒன்றும் மாறவில்லையே” என்று அலுத்துக்கொள்கிறவர்கள் ஆடிப்பெருக்கு நாளில் முறைப்பாசனத்தின் பலனைத் தேடுகிறார்கள்.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: முன்னுரிமை என்பது வேகம் அல்ல, வரிசை. நெரிசல் இல்லாத இடத்தில் வரிசைக்கு வேலை இல்லை.

அளவு வேறு, நேரம் வேறு

நாற்றங்காலுக்கு வேண்டிய தண்ணீர் கொஞ்சம்தான். ஆனால் அது இன்றைக்கே வேண்டும். நடவு முடிந்து வேர் பிடித்த பயிருக்கு நிறைய வேண்டும், ஆனால் ஒரு நாள் தள்ளிக் கிடைத்தாலும் தாங்கும். அளவையும் அவசரத்தையும் குழப்பிக்கொள்ளாத விவசாயிக்கு க்யூஓஎஸ் பாதி புரிந்த மாதிரி.

இணையத்தில் எதுவும் ஒரே ஓட்டமாகப் போவதில்லை. எல்லாம் சிறு சிறு துண்டுகளாக நறுக்கப்பட்டுப் போகின்றன. அந்தத் துண்டைப் பொட்டலம் என்பார்கள். தொலைபேசித் துறையில் நெடுநாளாகப் பழக்கத்தில் உள்ள ஜி.711 என்ற குரல் முறையில், 20 மில்லி விநாடிப் பேச்சு ஒரு பொட்டலம் ஆகிறது. விநாடிக்கு 50 பொட்டலங்கள். முகவரி முதலிய விவரங்களைச் சுமக்கும் மேலுறைகளையும் சேர்த்தால் விநாடிக்குச் சுமார் 80 கிலோபிட். நூறு மெகாபிட் இணைப்பில் இது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

ஆக, குரல் உடைவதற்கு இடம் போதாமை காரணம் அல்ல. ஒவ்வொரு பொட்டலமும் ஏறக்குறைய 20 மில்லி விநாடிக்கு ஒன்றாக ஒழுங்காக வந்து சேர வேண்டும். ஒன்று உடனே வந்து, அடுத்தது 90 மில்லி விநாடி கழித்து வந்து, அதன் பின்னாலேயே மூன்று சேர்ந்தாற்போல் வந்து விழுந்தால், கேட்கிற பக்கம் சிலவற்றைத் தூக்கி எறிய வேண்டியிருக்கும். பேச்சில் அந்த இடம் ஓட்டையாகிவிடும். பொட்டலம் போய்ச் சேர ஆகும் நேரம் தாமதம். அந்தத் தாமதம் ஒரே சீராக இல்லாமல் ஏறி இறங்குவது தாமத ஊசல். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை, ஒரு பக்கத் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் பெரும்பாலான உரையாடல்கள் தடையின்றி நடக்கும் என்கிறது.

மாறாக, பதிவான திரைப்படம் ஓடும்போது கைப்பேசி பல விநாடிக் காட்சியை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்கிறது. நடுவில் அரை விநாடி தடங்கல் வந்தால் பார்க்கிறவருக்குத் தெரியாது. படம் பார்ப்பதற்கு முதல் முன்னுரிமை கொடுத்துவிட்டு, அழைப்பு உடைகிறதே என்று வருந்துவது இங்கே நிறைய வீடுகளில் நடக்கிறது. அதிகம் தின்கிறவனுக்கே அதிக அவசரம் என்று நினைப்பதால் வரும் வினை.

காற்றில் லஸ்கர் கிடையாது

இங்கேதான் வாய்க்கால் உவமை ஒரு கட்டத்துக்கு மேல் உதவாமல் போகிறது. வாய்க்காலில் மதகைத் திறக்கவும் அடைக்கவும் லஸ்கர் இருக்கிறார். அவர் திறந்தால் திறந்தது, அடைத்தால் அடைத்தது. வைஃபையில், டபிள்யூஎம்எம் நடைமுறையில் அப்படி ஒருவர் இல்லை. அக்சஸ் பாயிண்ட் எல்லோரையும் கைகாட்டி நிறுத்தி, கைகாட்டி அனுப்புகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது விதிகளை அறிவிக்கிறது, அவ்வளவே. அந்த விதிப்படி ஒவ்வொரு கருவியும் தன் முறையைத் தானே கணக்கிட்டுக்கொள்கிறது.

காரணம் இதுதான். ஒரு சேனலில், அதாவது ஒரு குறிப்பிட்ட அலைவரிசைத் துண்டில், ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே பேச முடியும். இருவர் சேர்ந்து பேசினால் இரண்டும் கலந்து குப்பையாகிவிடும். அதற்கு மோதல் என்று பெயர். உங்கள் வீட்டுக் கைப்பேசி, மடிக்கணினி, கேமரா, அக்சஸ் பாயிண்ட் எல்லாமே ஒரே காற்றைப் பகிர்கின்றன. பக்கத்து வீட்டுப் பெட்டி அதே சேனலில் இருந்தால் அதுவும் சேர்ந்துதான்.

எனவே பேசும் முன் கேட்க வேண்டும் என்பது வைஃபையின் அடிப்படை விதி. காற்று அமைதியாக இருக்கிறதா என்று கருவி கவனிக்கும். அமைதி வந்ததும் உடனே பாய்ந்துவிடாது. முதலில் ஒரு நிலையான இடைவெளி காத்திருக்கும். பிறகு, தற்செயலாக ஓர் எண்ணைத் தேர்ந்து அதை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வரும். பூஜ்யம் ஆனதும் பேசும். நடுவில் வேறு யாராவது பேசத் தொடங்கினால், மீதி எண்ணை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டு, அடுத்த அமைதியில் விட்ட இடத்திலிருந்து எண்ணும். அனுப்பியது போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகை வராவிட்டால், மோதல் நடந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு, இன்னும் பெரிய வரம்பிலிருந்து எண் எடுக்கும். 0 முதல் 15 வரை இருந்த வரம்பு 31, 63 என்று இரட்டித்துக்கொண்டே 1023 வரை போகும்.

சண்டைக்காரர்கள் இல்லாத ஏற்பாடு. ஆனால் இதில் அவசரக்காரனும் சாவகாசமானவனும் ஒன்றுதான். 2005இல் வைஃபைக்காக வந்த 802.11இ தரம்தான் இதை மாற்றியது. வைஃபை கூட்டமைப்பு அதன் ஒரு பகுதியை எடுத்து டபிள்யூஎம்எம் என்று பெயரிட்டது.

நான்கு வரிசைகள், நான்கு விதமான காத்திருப்பு

டபிள்யூஎம்எம் செய்யும் மாற்றம் எளிமையானது. எல்லோருக்கும் ஒரே மாதிரி இருந்த காத்திருப்பை நான்கு விதமாக்கியது. ஒவ்வொரு கருவிக்குள்ளும் நான்கு வரிசைகள் இருக்கும்: குரல், வீடியோ, சாதாரணம், பின்னணி. நிலையான இடைவெளியும், தற்செயல் எண்ணின் வரம்பும் வரிசைக்கு வரிசை மாறும். முன்னுரிமை என்று நாம் பெரிதாகப் பேசுவதெல்லாம் இந்த இரண்டு எண்களுக்குள்தான் இருக்கிறது.

5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கைப்பேசி, மடிக்கணினி போன்ற கருவிகளுக்கான வழக்கமான மதிப்புகளை எடுத்துக்கொள்வோம். அமைதி தொடங்கியதும் எல்லோருக்கும் பொதுவான 16 மைக்ரோ விநாடி முதலில் கழியும். அதன் பிறகு நேரம் 9 மைக்ரோ விநாடிக் கண்ணிகளாக எண்ணப்படும். குரல் வரிசை 2 கண்ணி காத்திருந்து, 0 முதல் 3 வரை ஓர் எண்ணை எடுக்கும். அதாவது குறைந்தது 34, கூடினால் 61 மைக்ரோ விநாடி. வீடியோவும் 2 கண்ணிதான், ஆனால் 0 முதல் 7 வரை எடுக்கும். சாதாரண வரிசை 3 கண்ணி காத்து 0 முதல் 15 வரை எடுக்கும்: 43 முதல் 178 வரை. பின்னணி வரிசை 7 கண்ணி காத்துவிட்டுத்தான் எண்ணவே தொடங்கும்: குறைந்தது 79.

எண்களை ஒரு தடவை நிதானமாகப் பாருங்கள். குரல் தன் முதல் முயற்சியில் 61க்குள் பேசிவிடும். பின்னணி 79க்கு முன்னால் வாயே திறக்க முடியாது. ஆகவே அந்த முதல் முயற்சியில் பின்னணி ஒருநாளும் அதை முந்தாது. ஆனால் சாதாரண வரிசை 43இலேயே பேசக்கூடும். குரலுக்கு 3 விழுந்து, சாதாரணத்துக்கு 0 விழுந்தால் சாதாரணம்தான் முந்தும். அதாவது இது உத்தரவாதம் அல்ல, சாய்ந்த தராசு. நூறு தடவையில் பெரும்பாலும் குரல் முந்தும், எல்லாத் தடவையும் அல்ல.

காத்திருப்பைத் தவிர இன்னொரு சலுகையும் உண்டு. முறை கிடைத்த பிறகு எவ்வளவு நேரம் காற்றைத் தொடர்ந்து பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்ற வரம்பு. குரலுக்குச் சுமார் ஒன்றரை மில்லி விநாடி, வீடியோவுக்கு அதன் இரு மடங்கு. வீடியோவின் பொட்டலங்கள் பெரியவை என்பதால் நேரம் கூடுதல்.

இதிலிருந்து ஒரு விஷயம் புரிய வேண்டும். எல்லாவற்றையும் குரல் வரிசையில் போட்டுவிட்டால் என்ன? 0 முதல் 3 வரை நான்கு எண்கள்தான் இருக்கின்றன. இரண்டு கருவிகள் ஒரே நேரத்தில் எண் எடுத்தால், இரண்டும் ஒரே எண்ணை எடுக்க நான்கில் ஒரு வாய்ப்பு. சாதாரண வரிசையில் அது பதினாறில் ஒன்றுதான். குரல் வரிசையில் கூட்டம் சேரச் சேர மோதல் பெருகும், மோதிய பொட்டலங்கள் திரும்ப அனுப்பப்படும், காற்று இன்னும் நிரம்பும். எல்லோருக்கும் முதல் மரியாதை என்றால் யாருக்கும் இல்லை என்பதை நாம் அனுபவத்தில் சொல்வோம். இங்கே அது கணக்காகவே இருக்கிறது.

சுருக்கமாக: வரிசைகள் நான்கு. மேல் வரிசை குறைவாகக் காத்திருக்கிறது, சிறிய எண் எடுக்கிறது. அதனால் அடிக்கடி முந்துகிறது. அங்கே ஆள் குறைவாக இருக்கும் வரைதான் அந்தச் சலுகைக்கு மதிப்பு.

முத்திரை இல்லாத பொட்டலம்

சரி, எந்தப் பொட்டலம் எந்த வரிசைக்குப் போக வேண்டும் என்று யார் சொல்வது? அக்சஸ் பாயிண்ட் உள்ளே திறந்து பார்த்து, “இது சிங்கப்பூர் மகனின் குரல், இது சினிமா” என்று அறிந்துகொள்கிறது என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. பெரும்பாலான அக்சஸ் பாயிண்டுகள் அப்படி எதுவும் பார்ப்பதில்லை. பொட்டலத்தின் மேலுறையில் டிஎஸ்சிபி என்ற சிறு முத்திரை இருக்கிறது. 0 முதல் 63 வரை ஓர் எண். அதைப் பார்த்துத்தான் வரிசை முடிவாகிறது.

முத்திரையை இடுவது அனுப்புகிற செயலி அல்லது கருவி. அது எதுவும் இடாவிட்டால் எண் 0. அது சாதாரண வரிசை. டபிள்யூஎம்எம் போட்டிருக்கிறது, நான்கு வரிசையும் தயாராக இருக்கிறது, ஆனால் எல்லாப் பொட்டலமும் 0 என்று வந்தால் மூன்று வரிசைகள் காலியாகக் கிடக்கும், ஒன்றில் மட்டும் கூட்டம் நெரியும். “போட்டும் பலன் இல்லை” என்ற புலம்பலில் பெரும்பங்கு இதனால் வருவது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. நீங்கள் பேசுவது உங்கள் கைப்பேசியிலிருந்து முத்திரையுடன் கிளம்பலாம். மகன் பேசுவது கடல் தாண்டிப் பல நிறுவனங்களின் வலையமைப்புகள் வழியே வருகிறது. வழியில் முத்திரையை அழித்து 0 ஆக்கிவிடுவது சர்வ சாதாரணம், ஏனென்றால் அயலார் இட்ட முன்னுரிமையை மதிக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. எனவே அவர் குரல் உங்கள் வீட்டு வாசலுக்குச் சாதாரணப் பொட்டலமாகவே வந்து நிற்கும். அதற்கு மறுபடி முத்திரை இடும் வேலையை உங்கள் ரவுட்டர்தான் செய்ய வேண்டும். இந்த முகவரிக் கருவிக்குப் போவது, இந்த வகைப் போக்குவரத்து என்று அடையாளம் சொல்லி, மேல் வரிசைக்கு மாற்றும் விதி எழுதும் வசதி பல ரவுட்டர்களில் இருக்கிறது.

குரலுக்கு உலகெங்கும் பயன்படும் முத்திரை எண் 46. இதிலும் ஒரு வேடிக்கை. வைஃபை தரப்பில் முன்னுரிமை 0 முதல் 7 வரை எட்டு நிலைகள்தான். பல கருவிகள் டிஎஸ்சிபி எண்ணின் முதல் மூன்று பிட்டுகளை மட்டும் வெட்டி எடுத்து அந்த நிலையாக வைத்துக்கொள்ளும். 46ஐ இரும எண்ணாக எழுதினால் 101110. முதல் மூன்றும் 101, அதாவது 5. வைஃபையில் 4, 5 இரண்டும் வீடியோ வரிசை. 6, 7தான் குரல். ஒழுங்காக முத்திரை குத்திவந்த குரல், வீடியோ வரிசையில் போய் நிற்கும். இணையத் தரங்களை வகுக்கும் குழு 2018இல் வெளியிட்ட ஆர்எஃப்சி 8325 என்ற ஆவணம், 46ஐ 6க்குக் கொண்டுபோக வேண்டும் என்று திருத்திப் பரிந்துரைத்தது. கொஞ்சம் விலை கூடிய அலுவலக அக்சஸ் பாயிண்டுகளில் இந்த மாற்றுப் பட்டியலை நாமே திருத்தலாம். வீட்டுப் பெட்டிகளில் பெரும்பாலும் முடியாது. வீடியோ வரிசையும் சாதாரணத்தைவிட மேல்தான் என்பதால், அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அந்த எட்டு நிலைகளில் 1, 2 இரண்டும் 0வுக்குக் கீழே பின்னணியாக மதிக்கப்படும். 0வும் 3ம் சாதாரணம். எண் கூடினால் மரியாதை கூடும் என்று நினைத்து 1 கொடுத்தால், இருந்ததும் போய்விடும்.

அடைப்பு எந்த இடத்தில்?

மேட்டூரிலேயே தண்ணீர் இல்லாதபோது கிளை வாய்க்காலில் முறை வைத்துப் பயன் இல்லை. வைஃபை முன்னுரிமை, உங்கள் கருவிக்கும் அக்சஸ் பாயிண்டுக்கும் இடையே உள்ள அந்த ஒரு தாவலுக்கு மட்டுமே பொருந்தும். நெரிசல் தெருவிலிருந்து வரும் இணைப்பில் இருந்தால், டபிள்யூஎம்எம் அங்கே எட்டாது.

எங்கே அடைப்பு என்று கண்டுபிடிக்கக் காசு செலவில்லாத வழி உண்டு. பிங் என்பது ஒரு கருவியைத் தட்டிப் பார்த்து, பதில் வர எத்தனை மில்லி விநாடி ஆகிறது என்று சொல்லும் சோதனை. அழைப்பு உடையும் அதே நேரத்தில், முதலில் உங்கள் ரவுட்டரின் முகவரியைத் தட்டுங்கள். பெரும்பாலும் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். பிறகு வெளியே உள்ள 8.8.8.8 போன்ற முகவரியைத் தட்டுங்கள். ரவுட்டரே பதில் சொல்லத் தாமதித்து, நேரம் ஏறி இறங்கினால் நெரிசல் காற்றில். ரவுட்டர் சில மில்லி விநாடியில் சொல்லிவிட்டு, வெளி முகவரி மட்டும் நூற்றுக்கணக்கில் போனால் நெரிசல் இணைப்பில்.

சுவாமிமலைப் பட்டறை போன்ற இடங்களில் இரண்டாவதுதான் அடிக்கடி நடப்பது. கொட்டகையில் உள்ள கேமராக்கள் காட்சியை இடைவிடாமல் மேலே ஏற்றிக்கொண்டிருக்கும். வேலையாட்களின் கைப்பேசிகள் அன்றைய படங்களைச் சேமிப்பகத்துக்கு அனுப்பும். மேலேற்றும் பாதை நிரம்பியதும் பொட்டலங்கள், தெரு இணைப்பு வந்து சேரும் பெட்டியான மோடத்துக்குள் நீளமாக வரிசை கட்டி நிற்கும். குரலும் அதே வரிசையின் கடைசியில். அக்சஸ் பாயிண்டில் எத்தனை முன்னுரிமை கொடுத்தாலும், மோடத்தின் வரிசை உங்கள் பேச்சைக் கேட்காது.

அதற்கு மருந்து ரவுட்டரில் இருக்கிறது. மேலேற்றும் வேகத்தை, உண்மையில் கிடைப்பதில் ஏறத்தாழ 90 விழுக்காட்டில் ரவுட்டரே கட்டுப்படுத்தும்படி வைத்தால், வரிசை மோடத்தில் உருவாகாமல் ரவுட்டரில் உருவாகும். அங்கே உங்கள் விதி செல்லும். சில ரவுட்டர்களில் எஸ்க்யூஎம் என்ற பெயரில் இந்த வசதி வருகிறது. அது குரல் போன்ற சிறு ஓட்டங்களைப் பெரிய ஓட்டங்கள் அமுக்கிவிடாமல் தானாகவே பிரித்து அனுப்பும், முத்திரையைக்கூட எதிர்பார்க்காது. பத்து விழுக்காடு வேகத்தை நாமே விட்டுக்கொடுப்பதா என்று பலருக்கு மனம் வராது. என்னைக் கேட்டால், இந்தக் கட்டுரையில் வரும் எல்லா அமைப்புகளிலும் அதிகப் பலன் தருவது இந்த ஒன்றுதான்.

அமைப்புப் பக்கத்தில் கை வைக்கும்போது

டபிள்யூஎம்எம் வசதியை அணைக்காதீர்கள். 2009இல் தரமான 802.11என் முதல், வேகமான வைஃபை முறைகள் எல்லாமே அதன் மேல்தான் நிற்கின்றன. அணைத்தால் கருவிகள் பழைய 54 மெகாபிட் வரம்புக்குள் சுருங்கிவிடும். “அணைத்தால் வேகம்” என்று சொன்ன கடைக்காரருக்கு இது தெரியாது போலும்.

சில பெட்டிகளில் மேலே சொன்ன கண்ணி எண்களும் வரம்புகளும் கட்டங்களாகத் தெரியும், அதுவும் இரண்டு அட்டவணைகளாக. ஒன்று அக்சஸ் பாயிண்ட் தானே பின்பற்றுவது, மற்றது அது கருவிகளுக்கு அறிவிப்பது. இரண்டிலும் எண்கள் ஒன்றாக இருக்காது. எல்லோருக்கும் உரிய பதிலைச் சுமந்து வருவது அக்சஸ் பாயிண்ட் என்பதால், அதற்குக் கொஞ்சம் சலுகை கூடுதல். பிழை என்று நினைத்து இரண்டையும் சமப்படுத்திவிட வேண்டாம். அந்தக் கட்டங்களைத் தொடாமல் விடுவதே நல்லது. ஒப்புகை வேண்டாம் என்று சொல்லும் ஒரு தேர்வும் பக்கத்திலேயே இருக்கும். அதையும் போடாதீர்கள். தொலைந்த பொட்டலம் திரும்ப வராது.

கருவி வாரியாக முன்னுரிமை தரும் வசதி இருந்தால், அழைப்புக்குப் பயன்படும் ஒன்றிரண்டு கருவிகளுக்கு மட்டும் கொடுங்கள். கேமராக்களுக்கு முன்னுரிமையைக் குறைப்பதைவிட, அவற்றின் காட்சித் தரத்தை ஒரு படி இறக்கி, அனுப்பும் அளவையே குறைப்பது நேரான வழி. படச் சேமிப்பை இரவுக்குத் தள்ளுவதும் அப்படியே. கல்யாண மண்டபத்தில் முகூர்த்தத்தை நேரலையாக அனுப்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தக் கேமராவைக் கம்பியில் இணைத்துவிடுங்கள். நானூறு விருந்தினர் கைப்பேசிகளோடு காற்றில் போட்டி போட வைத்துவிட்டு முன்னுரிமையை நம்புவது வீண்.

கடைசியாக, நம் ஊர் வீடுகளுக்கே உரிய ஒரு தொல்லை. கும்பகோணம், தஞ்சாவூர்ப் பழைய வீடுகள் அகலம் குறைந்து நீளம் மிகுந்தவை. திண்ணையில் தொடங்கிக் கூடம், முற்றம், அடுக்களை தாண்டிக் கொல்லைவரை போகும். சுவர்கள் தடித்தவை. பெட்டி வாசல் பக்கம் இருக்க, கொல்லையில் ஒருவர் படம் பார்த்தால், சிக்னல் நலிந்து அவர் கருவி 6 மெகாபிட் வேகத்துக்கு இறங்கிவிடும். 1500 பைட் பொட்டலம் ஒன்றை அந்த வேகத்தில் அனுப்ப 2 மில்லி விநாடி ஆகும். பெட்டிக்கு அருகில் 300 மெகாபிட்டில் இருக்கும் கருவிக்கு அதே பொட்டலத்தின் தரவை அனுப்ப 40 மைக்ரோ விநாடி போதும், அதாவது ஐம்பதில் ஒரு பங்கு. ஒருவர் பேசத் தொடங்கிவிட்டால், குரல் வரிசையில் நிற்பவரானாலும் அவர் முடிக்கும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். நடுவில் வெட்டிப் புகும் அதிகாரம் எந்த முன்னுரிமைக்கும் கிடையாது. இதற்கு அமைப்புப் பக்கத்தில் விடை இல்லை. பெட்டியை முற்றத்தை ஒட்டி நகர்த்துவதோ, கம்பி இழுத்துக் கொல்லைப் பக்கம் இன்னொரு அக்சஸ் பாயிண்ட் வைப்பதோதான் வழி. 2.4 கிகாஹெர்ட்ஸில் இரண்டும் ஒன்றோடொன்று மோதாமலிருக்க, 1, 6, 11 ஆகிய சேனல்களில் வெவ்வேறு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

எதை மாற்றினாலும் ஒவ்வொன்றாக மாற்றுங்கள். மாற்றும் முன் ஓர் அழைப்பைத் தொடங்கி, இன்னொரு கைப்பேசியிலிருந்து பெரிய வீடியோ ஒன்றை மேலேற்றி, பிங் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மாற்றிய பின் அதே சோதனையை அதே மாலை நேரத்தில் செய்யுங்கள். வித்தியாசம் இல்லையென்றால் பழையபடியே வைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.